கணபதிராமன் சிபாரிசு செய்த கடைசிப் புத்தகம்

மைசூர் மேட்டகள்ளியில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் கணபதிராமன் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. இப்போது ஐம்பத்தேழு. இடையில் கம்பெனி இரண்டு முறை கைமாறியது, பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது, அவருடைய மேசை ஜன்னலோரத்திலிருந்து கழிப்பறைப் பக்கம் போய் மறுபடி ஜன்னலோரத்துக்கு வந்தது. அவர் அப்படியே இருந்தார். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அவருடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து கும்பகோணம் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். கணபதிராமன் பிறந்து படித்ததெல்லாம் இங்கேதான். தமிழ் வீட்டுக்குள் பேசுவதோடு சரி. எழுதுவது கன்னடத்தில். அந்தக் கன்னடத்துக்காகத்தான் ஊரில் கொஞ்சம் பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது அவருடைய சிநேகிதர் சீனிவாசன் ஒரு தடிமனான புத்தகத்தை அவர் கையில் திணித்தார். சீனிவாசன் நான்கு பக்க மாலைப் பத்திரிகை ஒன்றை நடத்துகிறவர். கோடீஸ்வரர்கள் காலை நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதைப் பற்றிய புத்தகம் அது.

"பதிப்பகத்திலேர்ந்து அனுப்பியிருக்கான். எனக்குப் படிக்கப் பொறுமையில்லை. இருநூறு வார்த்தை எழுதிக் கொடு. ஜனங்க சிரிக்கணும்."

கணபதிராமன் இப்படி எழுதினார்: "இந்த ஆசிரியர் தினமும் காலை நான்கு மணிக்கு எழுந்து தியானம் செய்துவிட்டுச் சூடாகப் பால் குடிக்கிறார். அந்தப் பாலைக் காய்ச்சியவர் யார் என்று முந்நூறு பக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. அந்த அம்மாள் மூன்றரைக்கே எழுந்திருக்க வேண்டும். அவர் ஒரு புத்தகம் எழுதினால் தெரியப்படுத்துங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்."

வாசகர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமைதோறும் எழுதச் சொன்னார் சீனிவாசன். பத்திக்கு 'நீங்கள் படிக்க வேண்டாம், நான் படித்துவிட்டேன்' என்று பெயர். வியாபாரம், வேலை, நிர்வாகம், சமூகம் என்று எது வந்தாலும் அவர் தலையில்தான் விழும். கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்ற புத்தகத்துக்கு, "எங்கள் அலுவலகத்தில் இதை அமல்படுத்துவது பற்றி இதுவரை மூன்று கூட்டங்கள் நடந்திருக்கின்றன" என்று எழுதினார். ஏழை பணக்காரர் வித்தியாசத்தைப் பற்றி எண்ணூறு பக்கத்தில் ஒன்று வந்தது. "தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கம் வராது. உள்ளே இருப்பதெல்லாம் நிஜம்" என்று எழுதினார். நல்ல புத்தகம் வந்தால் கேலி செய்யமாட்டார். ஆனால் நல்ல புத்தகம் வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம்.

பதினெட்டு வருடத்தில் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. எதைத் திறந்தாலும் அதே உதாரணங்கள்: வெந்நீரில் ஒரு தவளை, கடலில் ஒரு பனிப்பாறை, தப்பே நடக்காத ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதே அவருக்குப் பின்கழுத்து வலிக்க ஆரம்பிக்கும். சிரிப்பு வரவழைக்கும் வரிகள் தானாக வந்து விழுந்தன. அவருக்குச் சிரிப்பு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி கனகலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நிறுத்திடறதுதானே?" என்று கேட்பாள். "சீனி விடமாட்டேங்கறான்" என்பார். சீனிவாசனிடம் அவர் கண்டிப்பாகக் கேட்டதே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போன ஆடி மாதம் ஒரு புத்தகம் வந்தது. வெளிநாட்டுத் தொழிலதிபர் ஒருவர், பிடிக்காத வேலையை இன்றே உதறுங்கள் என்று எழுதியிருந்தார். கணபதிராமன் பாதியைப் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் மீதியை வீட்டிலும் படித்து, தலைவலியோடு எழுதினார்:

"திங்கட்கிழமை காலையில் உங்கள் மேனேஜரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். வயிற்றை ஏதாவது செய்கிறதா? அப்படியானால் இது உங்களுக்கான புத்தகம். முழுக்கப் படிக்கக்கூட வேண்டாம். பதினேழாம் பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கிறது. வெட்டி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விஷயம்: இந்த ஆசிரியரின் அப்பாவுக்கு மூன்று தொழிற்சாலைகள்."

அந்த வாரம் ஆடித் தள்ளுபடிப் புடவை விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது. இடம் போதவில்லை. சீனிவாசன் கடைசி வரியை எடுத்துவிட்டார். கணபதிராமன் அச்சில் பார்த்தார். ஃபோன் செய்து சத்தம் போடலாமா என்று யோசித்தார். அதற்கும் அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, கம்பெனி கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். யாரோ ஒரு அம்மா பார்க்க வந்திருக்கிறார்களாம். வால்வு சப்ளை செய்கிறவர்கள் யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பார்வையாளர் அறையில் முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். கையில் நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு. அவர் கன்னடத்தில் ஆரம்பித்தார். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"பேரப் பார்த்துத் தமிழ்க்காரங்கன்னு நெனச்சனுங்க. பத்திரிகை ஆபீசுல கேட்டு இங்க வந்தனுங்க. எம்பேரு நிர்மலா. எங்களுக்கு ராமாபுரம், எல்லைக்கு இந்தப் பக்கமுங்க. பேச வருமுங்க, தமிழ் எழுதப் படிக்கத்தான் வராது. பள்ளிக்கூடமெல்லாம் கன்னடத்துலதான்."

"என்னம்மா விஷயம்?"

"இத நீங்கதானுங்களே எழுதுனது?" துண்டைப் பிரித்துக் காட்டினாள். "இதப் படிச்சுட்டு நான் வேலைய விட்டுட்டனுங்க."

கணபதிராமன் சிரித்தார். பழக்கம் அப்படி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவளைப்போல நின்றுகொண்டிருந்தாள்.

"உட்காரும்மா" என்றார். அவரும் உட்கார்ந்தார். கடைசி வரி விட்டுப்போன கதையைச் சொன்னார். விளம்பரம் வந்தது, இடம் போதாமல் போனது, அப்பாவுக்கு மூன்று தொழிற்சாலைகள் என்று அவர் எழுதியிருந்தது. சொல்லச் சொல்ல அது திருட்டுப் பையன் சாக்குச் சொல்வதைப்போல அவருக்கே கேட்டது. அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அந்த வரி இருந்திருந்தாலும் விட்டிருப்பனுங்க. நீங்க எழுதுனது ஒரு சாக்குதானுங்க."

"அப்புறம் எதுக்கு என்னைப் பார்க்க வந்தே?"

"அடுத்து என்ன படிக்கறதுன்னு கேட்டுப்போட்டுப் போலாம்னுங்க. வேலைய விடறதுக்கு ஒரு புக்கு சொன்னீங்க. விட்டதுக்கு அப்பறம் என்ன பண்றதுன்னு ஒரு புக்கு இருக்குமல்லங்க?"

அவர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி, நம்பரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த அலமாரிகளை எல்லாம் திறந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளையும் இழுத்துப் போட்டார். கூடம் முழுக்கப் புத்தகம். கனகலக்ஷ்மி மூலையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு இருக்கே, ஒண்ணுகூடவா தேறலை?"

"வேலையை எப்படி விடறதுன்னு பதினோரு புஸ்தகம் இருக்கு கனகா. விட்ட மறுநாள் காலம்பற எழுந்து என்ன பண்றதுன்னு ஒண்ணுமில்லை."

"சொந்தமா தொழில் ஆரம்பிங்கோன்னு போட்டிருப்பானே."

"போட்டிருக்கான். மொதல் அத்தியாயத்துலயே, அப்பாகிட்டயோ மாமனார்கிட்டயோ போய்க் கேளுங்கோன்னு."

கனகலக்ஷ்மி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"பதினெட்டு வருஷமா ஊரைச் சிரிக்க வெச்சேள். ஒருத்தி நெஜம்னு எடுத்துண்டுட்டா. ஒண்ணும் கிடைக்கலைன்னாவது போய்ச் சொல்லிட்டு வாங்கோ. அவ காத்துண்டிருப்பா."

ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் நிர்மலாவின் வீடு. வாசலில் ஒருவர் சரக்கு ஆட்டோவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். நிர்மலாவின் வீட்டுக்காரர் கணேசன். கணபதிராமன் தான் யாரென்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

"ஓ, நீங்கதானா அது. ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இதுவரைக்கும் எத்தனை வேலைய விட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் விட்டதில்லைப்பா. ஒரே கம்பெனிதான்."

"அப்பறம் எப்படிங்க அடுத்தவங்கள விடச் சொல்லி எழுதறீங்க?"

"அது சிரிக்கறதுக்காக எழுதினது."

"எங்களுக்குச் சிரிப்பு வரலைங்களே."

கணபதிராமன் ஈரத்தரையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிர்மலா வெளியே வந்தாள்.

"உள்ள வாங்க சார். அவரச் சொல்லியும் குத்தமில்லீங்க. ரெண்டு பேரு ஓடுனாத்தான் ஓடற வீடு."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது. பிறகுதான் அவர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"எதுக்கும்மா விட்டே?"

நஞ்சன்கூடு சாலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறாள். தையல் மெஷினில் ஆரம்பித்து, கடைசி இரண்டு வருடம் முப்பத்திரண்டு பெண்கள் உள்ள ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். ஒரு வருடம் முன்னால் புது மேனேஜர் வந்தார். வந்ததும் அவள் கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்சை மாட்டினார். யார் கழிப்பறைக்குப் போனாலும் எத்தனை நிமிடம் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நாலு நிமிடம் கணக்கு. தாண்டினால் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"மைக்குல பேரு கேட்டா, வயசுக்கு வந்த புள்ளைங்க அப்படியே குறுகிப் போகுமுங்க. அதனால நான் ரிஜிஸ்டர்ல எல்லாருக்கும் மூணே முக்கால், மூணு அம்பதுன்னு எழுதிப்போடுவன். நெஜமான நேரத்த ஊட்டுக்கு வந்து தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சனுங்க."

"அதை எதுக்கு எழுதினே?"

"பொய்யே எழுதிட்டிருந்தா எனக்கே எது நெஜம்னு மறந்து போயிருமுங்களே."

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. கன்னட எழுத்து, ஆனால் நடுநடுவே தமிழ் வார்த்தைகளையும் அதே எழுத்தில் எழுதியிருந்தாள். தேதி, பெயரின் முதல் எழுத்து, நிமிடம், அதற்குப் பக்கத்தில் காரணம்.

"மா. 7 நிமிஷம். சர்க்கரை. அடிக்கடி கேட்கக் கூச்சப்படுகிறாள்."

"ல. 9 நிமிஷம். நாலாம் மாதம். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை."

"ரெ. 6 நிமிஷம். ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை."

கணபதிராமன் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் படித்தார். நிர்மலா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. கணேசன் ஆட்டோவைக் கழுவி முடித்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கணபதிராமன் படித்த தொள்ளாயிரம் புத்தகங்களில் வேலை நேரத்தை மிச்சம்பிடிப்பது பற்றி மட்டும் ஐம்பதாவது இருக்கும். நிமிடங்கள் இல்லாத பக்கமே அவற்றில் கிடையாது. அந்த நிமிடத்தில் ஒருத்தி என்ன செய்தாள் என்று எழுதியவர்கள் யாருமில்லை.

கடைசிப் பக்கத்தில் ஆடி மாதத் தேதி ஒன்று இருந்தது.

"மா. 0 நிமிஷம். மைக்குக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. இரண்டரை மணிக்கு மெஷின்மேலேயே விழுந்தாள். லைன் எத்தனை நிமிஷம் நின்றது என்று மேனேஜர் எழுதச் சொன்னார். எழுதவில்லை."

"மாதம்மாங்க" என்றாள் நிர்மலா. "அம்பது வயசு. எங்கூடவே சேர்ந்தவ. அன்னைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுல எப்பவும் நீங்க எழுதறத நான் சத்தமாப் படிப்பனுங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அன்னைக்கும் சிரிச்சாங்க. திங்கக்கெழமை மேனேஜர் மூஞ்சிய நெனச்சுப் பாருன்னு இருந்துச்சா, நான் நெனச்சனுங்க. என்னால முடியல."

கணபதிராமன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைப் பத்தி எழுதலாமா? அடுத்த வாரத்துப் புஸ்தகமா?"

முதலில் பேசியது கணேசன். "வேண்டாமுங்க. பேரு வெளிய வந்துச்சுன்னா இவளுக்கு வேற எங்கயாச்சும் வேலை குடுப்பாங்களா?"

நிர்மலா யோசித்தாள். "என் பேரு வேண்டாமுங்க. கம்பெனி பேரும் போடாதீங்க. அந்தப் புள்ளைங்க முப்பத்திரண்டு பேரும் இன்னும் அங்கதான் இருக்குதுங்க. முதல் எழுத்தையும் மாத்திருங்க. மத்தபடி எழுதுங்க."

அவர் எழுதியது இது: "இந்த வாரப் புத்தகம் நாற்பது பக்கம். விலை கிடையாது. உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கிறது. இந்த ஊரில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன்கூட வேலை பார்த்தவர்கள் கழிப்பறையில் எத்தனை நிமிடம் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். வேலையைப் பற்றி நான் இதுவரை படித்ததில் இதுதான் நல்ல புத்தகம். உங்களுக்குக் கிடைக்காது. அதனால் ஆறு வரிகளை இங்கே தருகிறேன்." அதன்கீழே எழுத்துகளை மாற்றி ஆறு வரிகள். அவ்வளவுதான்.

சீனிவாசன் அதை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

"இது புத்தகமே இல்லையேப்பா."

"நாற்பது பக்கம் இருக்கு."

"சிரிப்பு எங்கே?"

"இந்த வாரம் இல்லை. ஒரு வரிகூட எடுக்கக்கூடாது சீனி. எடுக்கிறதா இருந்தா மொத்தமா எடுத்துடு."

பதினெட்டு வருடத்தில் கணபதிராமன் இப்படிப் பேசியதில்லை. சீனிவாசன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்படியே போட்டார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மூன்று ஃபோன் வந்தது. ஒருவர் அந்தப் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். ஒருவர் தன் மருமகளும் ஆடைத் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள் என்று ஆரம்பித்து, அழுது, பாதியில் வைத்துவிட்டார். மூன்றாமவர் ஒரு பதிப்பகத்துக்காரர்; தாங்கள் அனுப்பிய புத்தகம் பத்தியில் எப்போது வரும் என்று விசாரித்தார்.

தொழிற்சாலையில் நடந்ததை நிர்மலா பிறகு சொன்னாள். பஸ்ஸில் வேறொரு பெண் அதைப் படித்திருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு யாருடைய வரி எது என்று எழுத்தை மாற்றியும் தெரிந்துவிட்டது. எப்படியோ மேனேஜரின் கைக்கும் பத்திரிகை போயிருக்கிறது. மைக் நின்றது. ஸ்டாப் வாட்சை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு கழிப்பறை வாசலில் கார்டு தேய்க்கும் ஒரு மெஷினை வைத்துவிட்டார்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மாதம்மாவை நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே உட்காரக் கொஞ்சம் இடமிருக்கிறதாம்.

"மெஷினு பொய் எழுதாதுங்க. அதுதான் கஷ்டம்" என்றாள் நிர்மலா.

அதைக் கேட்ட அடுத்த நாள் கணபதிராமன் சீனிவாசனிடம் பத்தியை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, அலுத்துப்போய்விட்டது என்றார். அது உண்மைதான். வேறு காரணமும் இருந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் எண் புதிர் வந்தது. பால் பூத்துக்காரர் ஒருவர்தான், "ஏன் சார் இப்பல்லாம் எழுதறதில்லை?" என்று கேட்டார். புதிர் நன்றாக இருக்கிறது என்றும் அவரே சொன்னார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார்கள். நூலகத்துக்காரர்கள் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிர்மலா ஐந்து மாதத்துக்கு மேல் வீட்டிலிருந்தாள். இடையில் ஒரு துணிக்கடையிலும் ஒரு கூரியர் ஆபீஸிலும் கேட்டுப் பார்த்தாள். தை பிறந்த பிறகு சரஸ்வதிபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று காய்கறிக்காரப் பெண் ஒருத்தி சொல்லி, போய்ச் சேர்ந்தாள். சம்பளம் முன்னைவிடக் குறைவு. காலை ஆறு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் திரும்ப முடியும். இதில் கணபதிராமன் செய்தது எதுவுமில்லை. அவர் தெரிந்த இரண்டு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். இரண்டு பேரும் மறந்துபோயிருந்தார்கள்.

சேர்ந்த விஷயத்தைக் கணேசன்தான் ஃபோன் செய்து சொன்னார். குரலில் பழைய கோபம் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. கணபதிராமன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்."

"வேலை எப்படிம்மா இருக்கு?"

"இருக்குதுங்க. அறுபது புள்ளைங்க. தண்ணி வரலை, வைஃபை வரலைன்னு ஆளுக்கொண்ணு சொல்லுதுங்க. காலு ரெண்டும் வீங்கிப்போகுது." பின்னால் பாத்திரம் விழும் சத்தம். அவள் யாரையோ கன்னடத்தில் அதட்டினாள். "சார், ரவையில வண்டு இருக்குதுன்னு நிக்கறாங்க. மூட்டைய மாத்தணுங்க. அப்பறம் கூப்புடறன்."

"சரிம்மா, போய்ப் பாரு."

அவள் கூப்பிடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, வந்திருந்த வால்வு டெண்டரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.